கடிகாரச் சிற்பக் கண்காட்சி: முள் ஓட வேண்டாமா?

பல்சக்கரம்:
மதுரையில் ஒரு கேலரியில் இப்போது வைத்திருக்கும் கடிகாரச் சிற்பங்களைப் பற்றித்தான். பழைய சாவிக் கடிகார மெஷின்களை யாளி, மகரம், கொடிக்கருக்கு (சுருள் கொடி வேலைப்பாடு) என்று பித்தளையில் வார்த்த கூடுகளுக்குள் உட்கார வைத்திருக்கிறார் சிற்பி. வார்ப்பு அருமை. ஆனால் பாதிக்கு மேல் நின்று கிடக்கிறது, பெரிய முள் பெரும்பாலும் 7-க்கும் 9-க்கும் நடுவில். "உறைந்த காலம்" என்று அட்டை வேறு. காலம் ஒன்றும் உறையவில்லை, முள் கனம்! 12-லிருந்து 6 வரை தன் எடையிலேயே இறங்கிவிடும். 6 தாண்டினால் மெஷின் அதைத் தூக்க வேண்டும். 9-ல் முள் கிடைமட்டம், பாரம் அங்கேதான் உச்சம். முள்ளைப் பிடித்திருப்பது வெறும் உராய்வு. ஒன்று முள் வழுக்கும், இல்லாவிட்டால் பெண்டுலத்துக்குப் போகிற உந்துதல் குறைந்து மெஷினே நிற்கும்.

கருமெழுகு:
அண்ணே, அது சிற்பம். மணி பார்க்க எல்லார் கையிலும் போன் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு பாரிஸ் வெண்கலக் கடிகாரங்களிலும் கண் முதலில் உருவத்துக்குத்தான் போகும், டயல் அப்புறம். முள்ளை மெலிசாக வார்க்கச் சொல்வது சுலபம். மண் அச்சில் 2 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் உலோகம் நுனிக்குப் போகுமுன் இறுகிவிடும். மெழுகில் செய்து, அது உருகிப் போன இடத்தில் பித்தளையை ஊற்றுகிறோம்; மெழுகில் 5 கிராம் என்றால் பித்தளையில் ஏறக்குறைய 44 கிராம், அதில் தப்பிக்க வழியில்லை.

பல்சக்கரம்:
அந்த பாரிஸ் கடிகாரங்கள் ஓடினவே தம்பி! கூட்டை வார்த்தார்கள், முள்ளை மெல்லிசாக அறுத்துச் செய்தார்கள். 0.8 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டில் கொடிக்கருக்கை வரைந்து, நூல் ரம்பத்தால் அறுத்து, அரம் போட்டால் தீர்ந்தது. வார்த்த முள்தான் வேண்டும் என்றால் பின்பக்கம் வால் விடுங்கள். முள் 40 கிராம், எடைமையம் அச்சிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி என்றால், எதிர்ப்பக்கம் 4 சென்டிமீட்டரில் 80 கிராம். மகரத்தின் சுருட்டை வாலே அதைச் சுமக்குமே.

வைகைக்கரை:
முள் மட்டும் காரணமில்லை. அந்தக் கனத்த கூடுகளெல்லாம் ஒற்றை ஆணியில் தொங்குகின்றன. லேசாகச் சாய்ந்தாலும் டிக்கும் டாக்கும் சமமாக விழாது, நொண்டி நொண்டி நின்றுவிடும். மேலே இரண்டு ஆணி, கீழே சுவரோடு பிடிக்க ஒரு திருகு, இவ்வளவுதான் செலவு.
இன்னொன்று, அந்த உயரமான இங்கிலாந்துக் கடிகாரம். "மதுரை வெயிலுக்குச் சரியாக ஓடாது" என்கிறது அட்டை. இரும்புத் தண்டுப் பெண்டுலம் 10 டிகிரி கூடினால் ஒரு நாளைக்கு 5 விநாடிதான் பின்தங்கும். உண்மைக் காரணம் வேறு: ஈர்ப்பு குறைந்தால் பெண்டுலம் மெதுவாக ஆடும். புவியீர்ப்பு (மீட்டர்/விநாடி² கணக்கில்) லண்டனில் 9.81, நம் ஊரில் 9.78, அங்கே சரிபார்த்தது இங்கே ஒரு நாளைக்கு 2 நிமிஷத்துக்கு மேல் பின்தங்கும். 1672-லேயே தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கயேன் போன பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே இதைப் பார்த்துவிட்டார். பெண்டுலக் குண்டுக்குக் கீழே உள்ள நட்டைத் திருகி, ஒரு மீட்டர் பெண்டுலத்தை 3 மில்லிமீட்டர் ஏற்றினால் போதும். வெயில்மேல் பழி போடாதீர்கள்.

கருமெழுகு:
அட்டை தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஓடித்தான் ஆகணும் என்று அடம்பிடித்தால் குவார்ட்ஸ் மெஷின் போட்டுவிட்டுப் போகலாமே?

பல்சக்கரம்:
பேட்டரி மெஷினுக்கு இழுவை இன்னும் குறைவு. பேட்டரி இறங்கும்போது விநாடி முள்ளே 9 பக்கத்தில் துடித்துக்கொண்டு நிற்கும், அதற்கு யாளி முள்ளா? இழுவை அதிகமான வகை கிடைக்கிறது, அதற்கும் எதிர்எடை வேண்டும்.

கருமெழுகு:
எனக்கு இன்னும் நின்ற கடிகாரமே பிடித்திருக்கிறது. கூட்டம் நின்று பார்ப்பதும் யாளியைத்தான்.

பல்சக்கரம்:
நிற்கட்டும். ஆனால் சாவி முழுக்கக் கொடுத்த நிலையில் நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அதை முதலில் கவனிக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கைத் தடுத்திருப்பது சின்னக் கொக்கி ஒன்று. அது தேய்ந்து விட்டுக்கொடுத்தால் ஸ்பிரிங் ஒரே மூச்சில் அவிழ்ந்து பல்லை உடைத்துவிடும், பழைய மெஷினுக்குப் பல்சக்கரம் கடையில் கிடைக்காது. சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கொக்கியை விலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டு மாட்டட்டும்.