ரொக்குரோனியத்துக்குப் பிறகு காலில் எம்.ஈ.பி. வரவில்லை. மருந்தா, முண்ணாணா?

அலைக்கோடு:
எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில் நரம்புக் கண்காணிப்பு மெஷினில் வேலை செய்கிறேன். இந்தக் கிழமை முதுகு வளைவை நிமிர்த்தும் ஒரு கேஸ். இளம் பிள்ளை, நடையில் ஒரு குறையும் இல்லை. மூச்சுக்குழாய் போடத் தசையைத் தளர்த்தும் ரொக்குரோனியம் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஒரு மணித்தியாலம் தாண்டிவிட்டது, குப்புறப் படுக்கவைத்துத் தோலும் திறந்தாயிற்று. தலையில் மின்துடிப்பு கொடுத்துத் தசையில் பதியும் எம்.ஈ.பி.யில் கையில் சின்னதாக ஓர் அலை, இரண்டு காலிலும் வெறும் கோடு. கணுக்காலில் துடிப்பு கொடுத்துத் தலையில் பதியும் எஸ்.எஸ்.ஈ.பி. மட்டும் வழக்கத்தைவிடத் துப்புரவாக வந்தது.

அடிப்படை அலை கிடைக்காமல் கம்பி பூட்ட மாட்டேன் என்று சேர்ஜன் காத்திருந்தார். நல்ல மனிதர். பிறகு மெல்ல மெல்ல வந்தது, எல்லாம் சுகமாக முடிந்தது. ஆனால் இதே மாதிரி நடு ஒப்பரேஷனில் அலை போனால் மருந்தால் போனதா, முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணுக்கு அடி பட்டதா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? அந்த நிமிடத்தில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

நள்ளிரவு டியூட்டி:
தங்கச்சி, நான் மயக்க மருந்துப் பக்கம். எஸ்.எஸ்.ஈ.பி. நன்றாக வந்ததே உங்களுக்குப் பாதிப் பதில். அது கணுக்காலில் தொடங்கி மூளைக்கு ஏறும் உணர்வுப் பாதை, வழியில் தசைக்கு வேலையே இல்லை. தசைத் தளர்த்தி கொடுத்தால் தசை இரைச்சல் அடங்கி அலை இன்னும் தெளியும். எம்.ஈ.பி. மேலிருந்து இறங்கி, கடைசியில் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாண்டியே பதிவாக வேண்டும். ரொக்குரோனியம் உட்கார்ந்திருப்பது சரியாக அந்த இடத்தில்தான். முண்ணாண் முழுச் சுகமாக இருந்தாலும் செய்தி தசைக்குப் போகாது.

அதற்காக எஸ்.எஸ்.ஈ.பி. இருக்கிறதே என்று ஆறுதல்பட வேண்டாம். அது முண்ணாணின் பின்பக்கத்தைத்தான் சொல்லும். முன்பக்கத்துக்கு இரத்தம் குறைந்தால் எம்.ஈ.பி. மட்டும் போகும்.

0.6 கொடுத்தால் சாதாரணமாக முப்பது, நாற்பது நிமிடத்தில் இறங்கத் தொடங்கும். இவ்வளவு நேரம் இழுத்ததற்கு வேறு ஏதோ இருக்கிறது. ட்ரெய்ன் ஒஃப் ஃபோர், அதாவது நரம்பில் நான்கு துடிப்பு கொடுத்துத் தசை எத்தனைக்கு அசைகிறது என்ற சோதனை, பார்த்தீர்களா? மயக்க வாயு செவோஃப்ளூரேன் ஓடியதா? உடல் வெப்பநிலை என்ன? மக்னீசியம் ஏதும் போனதா?

அலைக்கோடு:
சார்ட்டைப் பார்த்தேன் சேர். கையில் நான்கு துடிப்புக்கு இரண்டுதான் வந்திருக்கிறது. செவோஃப்ளூரேன் பாதி அளவில் ஓடியிருக்கிறது. வலிக்காக மக்னீசியம் ட்ரிப்பும் இருந்தது. வெப்பநிலை 35க்குக் கீழே.

நள்ளிரவு டியூட்டி:
அப்போ விஷயம் அதுதான். மக்னீசியம் தளர்த்தியின் வேலையை நீட்டும், குளிரும் நீட்டும். செவோஃப்ளூரேன் அதையும் செய்து, எம்.ஈ.பி.யைத் தனியாகவும் அமுக்கும். கால் அலை இயல்பிலேயே கை அலையைவிட நொய்மையானது, அதனால் முதலில் விழுவது கால். இப்படிப்பட்ட கேஸுக்கு மயக்கத்துக்கு ப்ரொப்போஃபோலும் வலிக்கு ரெமிஃபென்டனிலும் ட்ரிப்பில் ஓட்டி, தளர்த்தியைக் குழாய்க்கு ஒரே ஒரு தடவை கொடுத்துவிட்டு நிறுத்துவதே என் வழக்கம். தசை இறுக்கமாக இருக்கிறது என்று சேர்ஜன் கேட்டால் வலி மருந்தைக் கூட்டுவேன். உங்களிடம் சொல்லாமல் யாரும் இன்னொரு டோஸ் போடக் கூடாது. இதை ஒப்பரேஷன் தொடங்கமுன் வாய்விட்டுக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

ஊசிமுனை:
நானும் கண்காணிப்பு வேலைதான் தங்கச்சி. கையில் மட்டும் நான்கு துடிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். எஸ்.எஸ்.ஈ.பி.க்காகக் கணுக்காலில் ஏற்கெனவே ஊசி வைத்திருப்பீர்கள், பெருவிரல் பக்கத் தசையில் எம்.ஈ.பி. ஊசியும் இருக்கும். அந்தக் கணுக்கால் ஊசியிலேயே நொடிக்கு இரண்டு வீதம் நான்கு துடிப்பு கொடுத்துப் பாதத்தில் பதியுங்கள். நான்கும் ஒரே உயரத்தில் வந்தால் அந்தக் காலில் தளர்த்தி தடுக்கவில்லை. அதற்குப் பிறகும் மேலிருந்து வரும் அலை இல்லையென்றால் தளர்த்தியின் மேல் பழி போட இடமில்லை, உடனே சொல்லிவிடுங்கள்.

கையும் காலும் சேர்ந்து போனால் மருந்து, வாயு, இரத்த அழுத்தம், குளிர் என்று தேடலாம். கை அப்படியே நிற்க, கால் மட்டும் போனால் முதலில் முண்ணாண். இரத்த அழுத்தத்தை ஏற்றச் சொல்லுங்கள், சேர்ஜன் கடைசியாகச் செய்ததை நிறுத்திப் பார்க்கட்டும். கழுத்து ஒப்பரேஷனில் கையை ஒப்பிடவே முடியாது, அங்கே வெட்டுக்கு மேலே உள்ள தசை ஒன்று வேண்டும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய பயம். முள்ளெலும்பில் போட்ட ஆணிக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் ஆணிச் சோதனை. இடுப்பில் 10 மில்லிஅம்பியருக்கு மேல் கொடுத்தும் தசை துடிக்கவில்லையென்றால் ஆணி எலும்புக்குள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். தளர்த்தி மிச்சமிருந்தால் எலும்பைத் துளைத்து வெளியே வந்த ஆணிக்கும் தசை துடிக்காது! எம்.ஈ.பி. காணாமல் போனால் மனிதர் பதறுவார்கள், தேடுவார்கள். இங்கே திரை அமைதியாக இருக்கும், எல்லோரும் சந்தோஷமாக அடுத்த ஆணிக்குப் போவார்கள். முதல் ஆணிக்கு முன்னால் பாதத்தில் நான்கு துடிப்பும் பார்க்காமல் நான் "சரி" சொல்வதில்லை.

அலைக்கோடு:
பாதத்தில் பதிவது என் மெஷினிலும் முடியும், இன்று அமைத்துப் பார்த்தேன். நன்றி அக்கா. சேர், அவசரமாகத் தளர்த்தியை எடுக்க வேண்டுமென்றால்?

நள்ளிரவு டியூட்டி:
ரொக்குரோனியம், வெக்குரோனியம் என்றால் மாற்று மருந்து சுகமடெக்ஸ். இரண்டு துடிப்பாவது இருந்தால் கிலோவுக்கு 2 மில்லிகிராம், சில நிமிடத்தில் தெளியும். அட்ராகுரியம் என்ற வேறு வகைத் தளர்த்திக்கு அது வேலை செய்யாது, அங்கே நியோஸ்டிக்மின்தான். அதுவும் தடுப்பு ஆழமாக இருந்தால் பலன் தராது, தானாகக் கொஞ்சம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். சுகமடெக்ஸ் போட்ட பிறகு மறுபடி தளர்த்த நேர்ந்தால் சில மணித்தியாலத்துக்கு ரொக்குரோனியத்தை நம்ப முடியாது, அட்ராகுரியத்தைத்தான் எடுப்பேன்.

தளர்த்தி இல்லாவிட்டால் ஒவ்வொரு துடிப்புக்கும் பிள்ளை அசையும். அடிக்குமுன் சேர்ஜனிடம் சொல்லி, கையை எடுக்கச் சொல்லுங்கள். தாடையும் இறுகும், நாக்கு கிழிந்த கேஸ்கள் உண்டு. இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் இடையில் சுருட்டிய கோஸ் துணி வைத்து, குப்புறப் புரட்டிய பிறகு இன்னொரு தடவை பாருங்கள். புரட்டும்போதுதான் அது வழுகும்.