சாலையில் இறங்கத் தயங்கும் பெண்களுக்கு சைக்கிள் பயிற்சி: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம்.

நிதி திரட்டுவதற்கான 40 கிலோமீட்டர் சைக்கிள் பயணம் ஒன்றுக்கு எங்கள் பெண்கள் குழு பெயர் கொடுத்திருக்கிறது. பெரும்பாலோர் பள்ளி நாட்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொடாதவர்கள். கால்களில் வலு இருக்கிறது. சாலையில் இறங்கத்தான் தயங்குகிறார்கள்.

இப்போதைக்கு வாகனங்கள் வராத மைதானத்தில் பழகுகிறோம். இரு பாதங்களும் தரையில் ஊன்றும்படி இருக்கையை இறக்கியதுமே பாதிப் பயம் போய்விட்டது. ஆனால் அந்த உயரத்தில் நெடுந்தூரம் ஓட்டினால் முழங்கால் வலிக்கும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டுமே மடங்கும் அளவுக்கு இருக்கையைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். அதற்கு யாரும் எளிதில் சம்மதிப்பதில்லை!

இதைவிடப் பெரிய சிக்கல், பின்னால் திரும்பிப் பார்ப்பது. தலை திரும்பியதும் கைப்பிடியும் கூடவே திரும்பிவிடுகிறது. ஒரு கையை எடுத்துச் சைகை காட்டும்போதும் இதே தடுமாற்றம்தான். நிறுத்தியிருக்கும் கார்களின் கதவு திடீரெனத் திறந்தாலும் இடிக்காத தூரத்தில் ஓட்டச் சொல்கிறேன். அப்படி விலகி வருவதற்குப் பின்னால் பார்த்தே ஆக வேண்டும். இதைப் பழக்கும் முறை தெரிந்தவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.

கூட்டமாக ஓட்டிப் பழக, வார இறுதிகளில் எங்களுடன் வரக்கூடிய அனுபவமுள்ள பெண்களும் தேவை. வேகம் முக்கியமில்லை, கடைசியாக வருபவருக்குத் துணையாக ஓட்டும் பொறுமை போதும். சிலரிடம் இன்னும் சொந்த சைக்கிள் இல்லை. நல்ல பிரேக் உள்ள சைக்கிளை இரவல் தர முடிந்தாலும் சொல்லுங்கள்.