"எங்க மலை சரியாம இருக்க எவ்வளவு விசுவாசம் வேணும், டீச்சர்?"

இலங்கையில் ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஞாயிறு பாடசாலை எடுக்கிறேன். கடுகுவிதையளவு விசுவாசம் இருந்தால் மலையும் அப்புறம்போகும் என்ற வசனத்தை (மத்தேயு 17:20) எத்தனையோ பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், ஒக்டோபர் அடைமழையில், எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி எழும்பி, தலைப்பில் உள்ள கேள்வியைக் கேட்டாள். அவள் வீடு இருக்கும் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) சரிவுக்கு நேர் கீழே.

எனக்கு வாய் அடைத்துப்போனது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவு மூடியது அவர்கள் வீட்டைப் போன்ற லயங்களைத்தான். "நல்லா ஜெபம் பண்ணு, ஒன்றும் ஆகாது" என்று சொன்னால், அங்கே இறந்தவர்கள் சரியாக வேண்டிக்கொள்ளவில்லை என்றுதானே அவள் நினைப்பாள்? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவே இல்லை.

46ஆம் சங்கீதத்தை எடுத்தேன். "மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும்" பயப்படோம் என்று இருக்கிறதே தவிர, மலை சாயாது என்று அதில் இல்லை. அவளுக்கு அது போதவில்லை. அதனால் வேறு மாதிரிக் கேட்டேன்.

"அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது உன்னைப் பிள்ளைக்காம்பராவில் விட்டாங்களே, அழுதியா?"

"மொதல்ல அழுதேன். அப்புறம் அழல."

"ஏன்?"

"அம்மா வரும்னு தெரியும்."

"எத்தனை மணிக்கு?"

"அது தெரியாது டீச்சர். கொழுந்தை எடை போட்டுட்டு வரும்."

விசுவாசம் என்றால் அதுதான் என்றேன். நேரம் தெரியாது, ஆளைத் தெரியும்.

இன்னொன்றையும் அன்றே சொல்லிவிட்டேன். தேவாலயத்து உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சோதனைக்காரன் சொன்னபோது இயேசு குதிக்கவில்லை. மண்சரிவுக்கான சிவப்பு எச்சரிக்கை வந்தால் நாமும் லயத்தை விட்டு உடனே இறங்கிவிட வேண்டும். இறங்குவது அவிசுவாசம் இல்லை. அடுத்த வாரம் அவள் அம்மா என்னிடம் வந்து, பிறப்புச் சான்றிதழையும் வேதாகமத்தையும் ஒரு பையில் போட்டுக் கதவருகே மகளே மாட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்.

* * *

டீச்சர், நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கு ஊர் நோர்வூட். நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் வீட்டில் சிக்கல் "விசுவாசம்" என்ற சொல்லிலேயே வந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளை சர்ச்சில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று படித்துவிட்டு வருகிறாள். என் மகன் மறைக்கல்வியில் படிப்பது "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". ஒரே வசனம், 1 கொரிந்தியர் 13:13. யாருடையது சரி என்று இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) இரண்டும் சண்டை. மகன் வந்து, "விசுவாசம்னா நாய்க்குத்தானேம்மா சொல்லுவாங்க?" என்று கேட்டான்.

பாதரிடம் கூட்டிப்போனேன். அவர் பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், பிஸ்திஸ் என்ற கிரேக்கச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். நம்புவதும் அதற்குள் இருக்கிறது, நம்பினவரை விடாமல் இருப்பதும் அதற்குள் இருக்கிறது என்றார். "உன் நாய் மழையில் நனைஞ்சுகிட்டு உனக்காக ரோட்டில் நிற்குதே, அதையும் சேர்த்துக்கோ" என்றும் சொன்னார்.

திரும்பி வந்தபோது நாய் உண்மையிலேயே பாலத்தடியில் காத்துக்கொண்டிருந்தது. மகன் ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்துவிட்டு, நேரே பக்கத்துக் காம்பராவுக்குச் சொல்லப் போனான்.