சங்கத்துக் காசு முத்திரைக்கா, முற்பணத்துக்கா?

மஸ்கெலியா மணி:
எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதர் சங்கத்தில் பத்தொன்பது பேர் துணிப்பை தைக்கிறார்கள். பகலில் மலைக்குப் போய்க் கொழுந்தெடுத்துவிட்டு இரவில் லயத்து வீட்டுக் காம்பராவில் மிஷின் மிதிப்பவர்கள்தான் பாதிப் பேர். நுவரெலியாவில் ஒரு கடை பைக்கு 600 ரூபாய் தருகிறது. ஆனால் பை விற்ற பிறகுதான் காசு, மூன்று மாதம் ஆகிவிடும். சங்கக் கணக்கில் இரண்டு லட்சம் சேர்ந்திருக்கிறது. இதை வைத்து நியாய வணிக முத்திரைக்கு, அதாவது உழைத்தவருக்கு நியாயமாகக் காசு போகிறது என்று காட்டும் Fairtrade முத்திரைக்குப் போகலாம் என்பது என் எண்ணம். வெளிநாட்டுக்காரர்கள் அதைத் தேடித்தான் வாங்குகிறார்கள்.

லயத்துப் பிள்ளை:
மணி அண்ணே, கோபிக்கக் கூடாது. நான் பிறந்த தோட்டத்துத் தேயிலைக்கு அந்த முத்திரை இருந்தது. நியாய வணிக முறையில் விற்ற கிலோவுக்கு மட்டும்தான் மேலதிகக் காசு வரும். மிச்சமெல்லாம் கொழும்பு ஏலத்தில் தேயிலையோடு தேயிலை. வருகிற காசை எதற்குச் செலவழிப்பது என்று தொழிலாளர் தெரிவுசெய்த குழு முடிவெடுக்க வேண்டும். குழுவும் இருந்தது, கூட்டமும் நடந்தது. எத்தனை மணிக்கு? அந்திக் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்கு. அம்மா கூடையோடு வரிசையில் நிற்கிறார், ஆம்பிளைகள் கூட்டத்தில் உட்கார்ந்து வாடகைக்கு விடக் கதிரையும் தகரப் பந்தலும் வாங்க முடிவெடுக்கிறார்கள்.

ஊவாக்காரி:
அது முத்திரையின் பிழையா, கூட்டம் வைத்தவர்களின் பிழையா? அத்தோடு இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறீர்கள். தேயிலைப் பெட்டியில் இருப்பது பொருளுக்கான முத்திரை. உலக நியாய வணிக அமைப்பு என்று வேறொன்று இருக்கிறது, அது நிறுவனத்தை முழுதாகப் பார்க்கும். அதன் பத்துக் கோட்பாடுகளில் மூன்றாவதை வாசித்துப் பாருங்கள்: கைப்பணிப் பொருள் என்றால், தயாரிப்பவர் கேட்டால், வாங்குபவர் குறைந்தது 50 வீதம் வட்டியில்லாமல் முற்பணம் கொடுக்க வேண்டும். நுவரெலியாக் கடைக்காரரிடம் இதை எந்த வாயால் கேட்பது? கையில் ஒரு கடதாசி வேண்டாமா?

ஹட்டன் தோழர்:
பை தைத்து என்ன ஆகப்போகிறது? 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வேலைநிறுத்தம் செய்துதான் வந்தது, பை விற்று இல்லை. 2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று அரசாங்க வர்த்தமானியில் வந்த பிறகும் எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுக்காவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் போட்டார்கள். முதலில் அதைப் பேசுங்கள்.

லயத்துப் பிள்ளை:
தோழர், சம்பளத்தை வேண்டாம் என்று யார் சொன்னது? இது அந்த மிஷினைப் பற்றிய பேச்சு. ஊவாக்காரி அக்கா, அந்த 50 வீதத்தைச் சங்கமே கொடுக்கட்டுமே. பத்தொன்பது பேர், ஆளுக்கு மாதம் 30 பை, பைக்கு 300. மொத்தம் 171,000. கையிலிருக்கிற காசே போதும்.

ஊவாக்காரி:
கணக்கு சரிதான் தம்பி, ஒரே ஒரு மாதத்துக்கு. கடை மூன்று மாதம் இழுத்தால் இரண்டாம் மாதமே பெட்டி காலி. அதே 171,000 மூன்று மாதம் ஓட வேண்டுமென்றால் ஆளுக்குப் பத்துப் பைக்குத்தான் கொடுக்கலாம். அப்போதும் சங்கம் கடைக்காரருக்குத்தான் கடன் கொடுக்கிறது, பெண்களுக்கு இல்லை!

லயத்துப் பிள்ளை:
சரி, அது குத்துகிறது. அப்போ 30 நாளில் காசு தருகிற கடையைத்தான் முதலில் தேட வேண்டும். அதற்கும் முத்திரை வேண்டியதில்லை என்றுதான் இன்னும் சொல்வேன்.

தையல்காரி:
நான் அந்தப் பத்தொன்பதில் ஒருத்தி. மகளின் போனில் எழுதுகிறேன். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போனபோது என் பையைக் கடையில் பார்த்தேன். கைப்பிடி முடிகிற இடத்தில் நான் குறுக்கே இரண்டு தையல் போடுவேன், அதனால் தெரிந்தது. விலைச் சீட்டில் 2,200. எனக்கு வருவது 600. அதில் துணி 240, சிப்பும் நூலும் 60. மிச்சம் 300. ஒரு பைக்கு இரண்டே கால் மணித்தியாலம் ஆகிறது. இவ்வளவு காலத்தில் சங்கத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை, விலை பேசும்போது மீட்டர் கணக்கு மட்டும்தான் பார்த்தார்கள். துணி வாங்க வாரக் கடன் எடுக்கிறேன், வட்டி போனால் அந்த 300ம் முழுசாக நிற்காது. போன மாதம் சிப் பிய்ந்து பதினொரு பை திரும்பி வந்தது, நட்டம் யாருக்கு? எங்களுக்கு.
இன்னொன்று. போன தரம் என் காசை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள், ‘வழியில் கண்டோம், கொடுத்தோம்’ என்றார்கள். வீட்டுக்கு வந்தது பாதி.
முத்திரையோ முற்பணமோ, எங்கள் பெயரில் ஆளுக்கொரு பாங்க் புத்தகம் போட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

மஸ்கெலியா மணி:
தங்கச்சி, வழியில் கொடுத்தது நான்தான். மறைக்கவில்லை. நல்லதென்று நினைத்துக் கொடுத்தேன். முத்திரைப் பேச்சை இப்போதைக்கு நிறுத்திவைக்கிறேன், விட்டுவிடவில்லை. புத்தகம், மணிக்கணக்கு, திரும்பி வந்த பை, மூன்றையும் கூட்டத்தில் எடுப்போம். ஞாயிறு காலை பத்து மணி, பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில்.

தையல்காரி:
அண்ணே, ஞாயிறு காலைதான் நாங்கள் தண்ணீர்ப் பீலிக்கு உடுப்புத் துவைக்கப் போகிற நேரம். அந்திக்கு வையுங்கள்.