லீடர் ஆனதும் கூட இருந்தவங்க விலகிப் போறாங்க

ஓக்லா_குமார்: நேத்து வரைக்கும் ஒண்ணா டீ குடிச்சவங்க, இப்ப என்னைப் பார்த்தா கலையறாங்க. லாரி லோடு லேட்டானா மேலிடத்துல நான்தான் வாங்கிக் கட்டிக்கணும். கண்டிப்பா இருக்கணுமா, அனுசரிச்சுப் போகணுமா?

மயூர்விஹார்_மாமா: நம்ம டெல்லி மெட்ரோவைப் பாருங்க தம்பி. திறப்புக்கு எத்தனை நாள் பாக்கின்னு காட்டற கடிகாரத்தை அப்ப மெட்ரோ தலைவரா இருந்த ஸ்ரீதரன் ஆபீஸ்ல மாட்டியிருந்தார். விரட்டற வேலையை அது பாத்துக்கும். 2009-ல ஜம்ருத்பூர்ல கட்டிட்டிருந்த பாலம் சரிஞ்சு ஆட்கள் செத்தப்ப, பொறுப்பு என்னோடதுன்னு ராஜினாமா கொடுத்தார். அப்ப டெல்லி முதல்வரா இருந்த ஷீலா தீட்சித் ஏத்துக்கலை, அது வேற விஷயம்.

கரோல்பாக்_சுந்தரி: அதெல்லாம் பெரிய இடம். லோடு லேட்டானா மேனேஜர்கிட்ட யார் பேரைச் சொல்றீங்க? பசங்க அதைத்தான் கவனிப்பாங்க.

ஓக்லா_குமார்: இதுவரை யார் பேரையும் சொன்னதில்லைங்க. லாரி நேரத்தை போர்டுல எழுதி மாட்டிப் பாக்கறேன். மார்க்கர் வாங்கவே அட்மின்ல கையெழுத்து வேணும்!