பழைய எம்எக்ஸ்-5: பிரேக் தேய்ந்துவிட்டது, பெரிய கிட் போடலாமா, இருப்பதையே சரி செய்யலாமா?

சாம்பல்குருவி:

வணக்கம். வண்டி 1992 மஸ்தா எம்எக்ஸ்-5, 1.6 இன்ஜின், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீல் சுற்றாமல் லாக் ஆவதைத் தடுக்கும் வசதி) கிடையாது. வாங்கும்போதே பிரேக் சுமார்தான், இப்போது கீச்சென்று சத்தமும் போட ஆரம்பித்துவிட்டது. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது, லேசாக இடது பக்கம் இழுக்கிறது. மலையிறக்கத்தில் சில வளைவுகள் தாண்டியதும் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது, ஆறவிட்டால் பழையபடி வந்துவிடுகிறது. எப்படியும் எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டும், அப்படியே முன்பக்கத்துக்கு மட்டும் நாலு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பகுதி), துளை போட்ட பெரிய டிஸ்க் என்று ஒரு கிட் வாங்கிப் போட்டுவிடலாமா? பெரும்பாலும் சாதாரண ரோடுதான், எப்போதாவது டிராக்.

ரெட்லைன்ராஜா:

போட்டுவிடுங்கள் ப்ரோ, பார்க்கவும் கெத்தாக இருக்கும். 14 இன்ச் வீலுக்குள் அந்தக் காலிப்பர் அடங்குமா என்று மட்டும் முதலில் அளந்து பாருங்கள், பல கிட்டுகள் 15 இன்ச் கேட்கும்.

வெர்னியர்:

கிட்டைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நீங்கள் சொன்னதில் ஒன்றுகூட பிரேக் சின்னதாக இருப்பதால் வருகிற கோளாறு இல்லை. இழுப்பது என்றால் ஒரு பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை. சூடானதும் பெடல் மெத்தென்று போவது பெரும்பாலும் பழைய பிரேக் ஆயில், அதில் சேர்ந்த தண்ணீர் கொதித்து ஆவியாகிறது (பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால்தான் பேடை, அதாவது டிஸ்க்கில் உரசுகிற கட்டையை, சந்தேகப்பட வேண்டும்). ஸ்டியரிங் உதறினால் உடனே டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள், உண்மையில் நிஜமாக வளைந்த டிஸ்க் அபூர்வம், பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டி, கனம் இடத்துக்கு இடம் மாறிப்போவதுதான் வழக்கம்.

இன்னொன்று, இப்போது இருக்கிற பிரேக்கால் நல்ல ரோட்டில் வீலை லாக் செய்ய முடிகிறது என்றால் வண்டி நிற்கும் தூரத்தை முடிவு செய்வது டயர்தான், எத்தனை பிஸ்டன் போட்டாலும் அது குறையாது. பெரிய பிரேக்கின் லாபம் திரும்பத் திரும்ப மிதிக்கும்போது சூட்டைத் தாங்குவதில்தான். அதுவும் முன்பக்கம் மட்டும் பெரிதாக்கினால் முன் வீல் சீக்கிரமே லாக் ஆகிவிடும், பின்பக்கம் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது. ஏபிஎஸ் இல்லாத வண்டியில் ஈர ரோட்டில் இது விளையாட்டில்லை. துளை போட்ட டிஸ்க் டிராக் சூட்டில் துளையிலிருந்து விரிசல் விடும், எனக்கு அதில் ஆர்வமே கிடையாது.

நாலு வீலையும் கழற்றி உள் பேட், வெளிப் பேட் இரண்டின் கனத்தையும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். டிஸ்க்கை அளக்கும்போது ஓரத்தில் தேயாமல் நிற்கிற வரம்பின் மேல் வெர்னியரை வைக்காதீர்கள், அது எப்போதும் நல்ல அளவாகவே காட்டும். பேட் உரசுகிற இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துச் சுற்றிலும் சில இடங்களில் பாருங்கள். 1.6 முன் டிஸ்க் புதிதில் 18 மி.மீ., 16-க்கு வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சாம்பல்குருவி:

பார்த்துவிட்டேன். வலது முன்பக்கம் உள் பேட் இரும்புத் தகடு வரை வந்துவிட்டது, வெளிப் பேடில் பாதிக்கு மேல் மிச்சம். காலிப்பரைக் கையால் பிடித்து ஆட்டினால் அது சறுக்க வேண்டிய ஸ்லைடு பின்னில் அசையவே மாட்டேன் என்கிறது. இடது பக்கம் இரண்டும் சமமாகத் தேய்ந்திருக்கிறது. முன் டிஸ்க் இரண்டுமே 16.3-க்குப் பக்கம். ஆச்சரியம் பின்பக்கம்தான்: பேட் கிட்டத்தட்ட புதுசு, ஆனால் டிஸ்க்கில் துருப்பட்டை, நடுவில் ஒரு விரல் அகலம்தான் பளபளக்கிறது. ஹேண்ட் பிரேக்கும் மேலே வரை வருகிறது.

வெர்னியர்:

அப்புறம் என்ன, எல்லாம் வெளியே வந்துவிட்டது. வலது முன்பக்கம் ஸ்லைடு பின் ஜாம், அதனால் பிஸ்டன் இருக்கிற உள்பக்கம் மட்டும் வேலை செய்கிறது, அந்த வீல் சரியாகப் பிடிக்காததால் வண்டி இடது பக்கம் போகிறது. பின் பிரேக் பெயருக்குத்தான் இருக்கிறது, மொத்தச் சூடும் முன்பக்கத்துக்கு, ஆயில் கொதிக்காமல் என்ன செய்யும். இந்த நிலையில் நாலு பிஸ்டன் கிட் போட்டிருந்தால் இந்தப் பின்பக்கத்தை யாரும் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஸ்லைடு பின்னைக் கழற்றித் துருவைத் தேய்த்து, சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்கள், சாதாரண கிரீஸ் பட்டால் உறை ரப்பர் ஊதிவிடும். பின்னில் குழி விழுந்திருந்தால் புது பின். ரப்பர் ஹோஸ் வண்டியோடு வந்ததாக இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்து, மிதித்த அழுத்தத்தைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும்.

கரிக்கட்டை:

பின் காலிப்பர் பற்றி ஒன்று, இந்த வண்டியில் பலரும் அதை உடைப்பது இங்கேதான். பிஸ்டனை ஜி-கிளாம்ப் போட்டு அமுக்காதீர்கள், உள்ளே ஹேண்ட் பிரேக்குக்கான ஸ்க்ரூ இருக்கிறது. காலிப்பரின் பின்னால் ஒரு மூடி போல்ட், அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ போகும், அதைத் திருப்பித்தான் பிஸ்டனை உள்ளே இழுக்க வேண்டும். புது பேட் போட்டதும் டிஸ்க் பிடிக்கிற வரை இறுக்கி, பிறகு மூன்றில் ஒரு பங்கு சுற்று தளர்த்துங்கள். கேபிளைக் கடைசியில்தான் தொட வேண்டும். முதலிலேயே கேபிளை இழுத்துவிட்டு பிரேக் உரசுகிறது என்று புலம்புகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

பெரிதாக்கியே தீர வேண்டும் என்றால் 1994 மாடலிலிருந்து வந்த 1.8-ன் டிஸ்க் இருக்கவே இருக்கிறது: முன்பக்கம் 235-க்குப் பதில் 255 மி.மீ., பின்பக்கம் 231-க்குப் பதில் 251. உங்கள் காலிப்பரே போதும், காலிப்பரைத் தாங்குகிற 1.8-க்கான பிராக்கெட்டும் டிஸ்க்கும் பேடும் வேண்டும், 14 இன்ச் வீலுக்குள் அடங்கும். முன்னும் பின்னும் சேர்த்தே மாற்றுங்கள், அப்போதுதான் கம்பெனி வைத்த சமநிலை கெடாது. எப்படியும் டிஸ்க் வாங்கப் போகிறீர்கள், எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

சாம்பல்குருவி:

சரி, 1.8 வழியிலேயே போகிறேன். டிராக்குக்கும் ஆகும் என்பதால் ரேஸ் பேட் போடலாமா? ஆயில் எது? டாட் 5 நல்லது என்கிறார்களே?

வெர்னியர்:

ரேஸ் பேட் சூடேறினால்தான் பிடிக்கும், காலையில் முதல் சிக்னலில் அது சும்மா வழுக்கும். ரோட்டுக்கு நல்ல தரமான சாதாரண பேட், டிராக் நாளில் மட்டும் வேறு பேட்.

டாட் 5 வேண்டாம், அது சிலிக்கான், பழைய ஆயிலோடு சேராது. டாட் 4 போதும்: புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, தண்ணீர் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 155 டிகிரிதான், உங்கள் பெடல் மெத்தென்று போனது இதனால்தான். டாட் 5.1 போட்டால் 260, 180. பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் 5.1-ம் டாட் 4 மாதிரியே கிளைகால் வகை, டாட் 4 இருந்த இடத்தில் ஊற்றலாம்.

பிரேக் லைனிலிருந்து ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதிக்கச் சொல்லாதீர்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தும் பகுதி) சீல் வழக்கமாகப் போகாத இடம் துருப்பிடித்திருக்கும், சீல் அங்கே போய் உரசினால் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டால் கவலையில்லை. ஆயில் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கரிக்கட்டை:

எல்லாம் மாட்டி முடித்ததும், புது பேட் டிஸ்க்கோடு நன்றாகப் படிய, காலியான ரோட்டில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை சீராக மிதித்து விடுங்கள், திரும்பத் திரும்ப, ஆனால் முழுதாக நிறுத்தாமல். சூட்டோடு பெடலை மிதித்தபடி நின்றால் பேடின் அச்சு டிஸ்க்கில் அப்படியே பதியும், ஸ்டியரிங் மறுபடி உதறும். பிறகு மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்துங்கள்.