மிக்ஸிங் கண்ட்ரோலர்: வாங்கினவங்க அனுபவம் சொல்லுங்க

மாடிரூம்: மாடியில ஒரு ரூம், ரெண்டு மைக், ரீப்பர்னு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர். இதுவரைக்கும் மவுஸ்லதான் மிக்ஸ் பண்றேன். ஃபேடர் (சவுண்டை ஏத்தி இறக்கத் தள்ளுற பிடி) வெச்ச கண்ட்ரோலர் ஒண்ணு வாங்கலாமான்னு யோசனை. வாங்கி வருத்தப்பட்டவங்க முதல்ல சொல்லுங்க.

தவில்வீடு: அப்போ நான்தான் முதல் ஆளு. கோர்க் நானோகண்ட்ரோல் 2 வாங்கினேன். எட்டு குட்டி ஃபேடர், எட்டு நாப் (திருகுற குமிழ்), லேப்டாப் பைக்குள்ளயே போயிடும். ஆனா ஃபேடரைத் தானா நகர்த்துற மோட்டார் கிடையாது. ஒரு பாட்டை மூடிட்டு அடுத்ததைத் திறந்தா ஸ்கிரீன்ல ஃபேடர் ஒரு இடத்துல நிக்கும், கைக்குக் கீழ இருக்கிறது வேற இடத்துல. தொட்ட உடனே சவுண்டு சடார்னு எகிறும். ராத்திரி 11 மணிக்கு ஹெட்ஃபோன்ல ஒரு தடவை அப்படி அடி வாங்கினேன், காது ரெண்டு நாள் கொய்ங்னுச்சு. ஸ்கிரீன்ல இருக்கிற இடத்தை ஃபேடர் தொடுற வரைக்கும் சவுண்டை மாத்தாத பிக்-அப் செட்டிங் போட்டா எகிறாதுதான். அதுக்காக ஒவ்வொரு ஃபேடரா பழைய இடத்தைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள மவுஸ்ல வேலையே முடிஞ்சிடும். கண்ட்ரோலர் கம்ப்யூட்டருக்கு அனுப்புற சாதாரண மிடி சிசி நம்பர் 0-லேர்ந்து 127 வரைக்கும்தான். ஃபேடரும் குட்டியா, சவுண்டை அரை டெசிபல் குறைக்கணும்னா மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளணும். இப்போ பிளே, ரெக்கார்ட் பட்டனுக்கு மட்டும் வெச்சிருக்கேன்.

கேசட்காலத்து ஆளு: தம்பி சொல்றது மோட்டார் இல்லாத சாமான் கதை. நான் நாலு வருஷமா பிரிசோனஸ் ஃபேடர்போர்ட், மோட்டார் வெச்ச ஒரே ஒரு ஃபேடர், 100 மி.மீ. நீளம். என்கிட்ட வர்றது பெரும்பாலும் பக்திப் பாட்டு. ஒரு அம்மா பாடுவாங்க, பல்லவி கணீர்னு இருக்கும். சரணத்துல மேல போனா மைக்கை விட்டுத் தலையைத் திருப்பிடுவாங்க, வரி முடியிற வார்த்தை அப்படியே அமுங்கிடும். சவுண்டோட ஏத்த இறக்கத்தைக் குறைக்கிற கம்ப்ரசரை இறுக்கினா மூச்சு வாங்குற சத்தமெல்லாம் மேல வந்துடும். அதனால விரல் தொட்டிருக்கிற வரைக்கும் மட்டும் நகர்வைப் பதியுற டச் மோடு போட்டு, பாட்டை ஓட விட்டு, கண்ணை மூடிக்கிட்டு அந்த வார்த்தைக்கு மட்டும் ஃபேடரை ஏத்துவேன். விரலை எடுத்தா பழைய அளவுக்கே திரும்பிடும். மவுஸ்ல புள்ளி புள்ளியா வரையும்போது காது கேக்கிறதை விட கண்ணு கோட்டைப் பாக்குறதுதான் அதிகம்.

ஒரு தொல்லை உண்டு. இப்படிப் பதிஞ்சு வெச்ச நகர்வு (ஆட்டோமேஷன்) ஓடுறப்போ ஃபேடர் தானா நகரும், 'சர்ர்'னு சத்தம் வரும். அதே ரூம்ல மைக் திறந்திருந்தா அதுவும் பதிவாகும். எனக்கு ஒரு புல்லாங்குழல் டேக் அப்படித்தான் போச்சு.

எட்டுஃபேடர்: நான் எட்டு மோட்டார் ஃபேடர் வெச்சது வாங்கினேன், கம்பெனி பேரு வேண்டாம். ரெண்டாவது வருஷமே மூணாவது ஃபேடர் பாதியில நின்னு நடுங்க ஆரம்பிச்சுது. சர்வீஸ்ல மூணு மாசம் வெச்சிருந்துட்டு முழு போர்டையும் மாத்தணும்னாங்க. மாத்தல. மேசையில திறந்து வெக்காதீங்க, தூசிதான் எமன், துணி போட்டு மூடுங்க.

இன்னொண்ணு, என் மச்சான் இதை மிக்ஸர்னு நெனச்சு வாங்கிட்டு, "மைக் குத்த ஓட்டையே இல்லையேடா"ன்னு போன் பண்ணினான். இதுக்குள்ள ஆடியோ போகவே போகாது, வெறும் ரிமோட். மைக்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற இன்டர்ஃபேஸ் தனியா இல்லன்னா முதல்ல அதை வாங்குங்க.

மாடிரூம்: இன்டர்ஃபேஸ் இருக்கு. எனக்கும் குரல்தான் தலைவலி. அண்ணே, உங்க ஒத்தை ஃபேடரை விக்கிற ஐடியா இருக்கா?

கேசட்காலத்து ஆளு: இல்ல தம்பி. வேணும்னா ஞாயித்துக்கிழமை ஒரு பாட்டை பென்டிரைவ்ல எடுத்துக்கிட்டு வாங்க, உக்காந்து தள்ளிப் பாருங்க.